சாட்சியாய் வாழ்வது: திங்கள் முதல் சனி வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாலிபர் கூட்டத்திலும், வீட்டு ஜெபத்திலும், ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடும் நேரத்திலும் வருகிற கேள்விகள் இவை. சாட்சி என்று இங்கே சொல்வது, நம் விசுவாசம் நடக்கையிலும் பேச்சிலும் பிறருக்குத் தெரியும்படி வாழ்வதை. பதில் சொல்வது தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்த ஒருவர். பெந்தெகொஸ்தே சபையாரும் கத்தோலிக்கரும் சில இடங்களில் வேறு மாதிரி சொல்வார்கள். வசனங்கள் வேதாகமத்தின் பழைய திருப்புதலில் (மொழிபெயர்ப்பில்) உள்ளபடி.

எனக்குக் கூச்சம். சுவிசேஷம் பேச வராது. ஒழுங்காக நடந்துகொண்டாலே போதாதா?

பாதி போதும். பேதுரு எழுதிய முதல் நிருபம் 3-ஆம் அதிகாரத்திலேயே இரண்டும் இருக்கின்றன. முதல் வசனத்தில், வசனத்துக்குக் கீழ்ப்படியாத கணவனை மனைவி போதனையின்றி, நடக்கையினாலேயே ஆதாயப்படுத்தலாம் என்கிறார். 15-ஆம் வசனத்தில், விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்கிறார். அந்த வசனத்தில் ஒருவர் வந்து கேட்கிறார். கேட்கத் தோன்றும்படி எதையோ பார்த்திருக்கிறார். ஆகவே கூச்சக்காரர்கள் பிரசங்கம் தயாரிக்க வேண்டாம், இரண்டு வாக்கியம் தயாரித்தால் போதும். "ஏன் சார், நீங்க மட்டும் அந்தக் கமிஷனை வாங்கல?" என்று கேட்கிறவரிடம் "சும்மாதான்" என்று மழுப்பிவிடுகிறோம். அங்கேதான் பேச வேண்டும்.

நாகமான் வீட்டு வேலைக்காரச் சிறுமியை நினைத்துப் பாருங்கள் (2 இராஜாக்கள் 5). இஸ்ரவேலிலிருந்து சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்டவள். தன்னைப் பிடித்து வந்தவர்களுடைய சேனாபதியின் குஷ்டம் தீரட்டும் என்று அவள் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். அதற்குமேல் அவள் பேசியதாக வேதம் எதையும் சொல்லவில்லை.

வேலை செய்யும் இடத்தில் நான் விசுவாசி என்று எப்படித் தெரியப்படுத்துவது?

தெரியப்படுத்தவே தேவையில்லை, தானாகத் தெரியும். மேசையில் வசன நாட்காட்டி, கைப்பேசியில் கீர்த்தனை, வண்டியில் "இயேசு ஜீவிக்கிறார்" எல்லாம் உங்கள் விருப்பம். ஒட்டியபிறகு ஒருவழிச் சாலையில் எதிர்த்திசையில் வராதீர்கள், அவ்வளவுதான். வேலை நேரத்தில் வேதம் வாசிப்பதும், மதிய ஜெபக்கூட்டம் என்று ஒன்றரை மணி நேரம் இருக்கையில் இல்லாமல் போவதும், அந்த வேலையையும் சேர்த்துச் செய்கிற பக்கத்து மேசைக்காரருக்கு வேறொரு செய்தியைச் சொல்லும். வேதத்தில், அரசவையில் உயர்பதவியில் இருந்த தானியேலிடம் குற்றம் கண்டுபிடிக்க மற்ற அதிகாரிகள் முதலில் துருவியது அவருடைய ராஜ்ய விசாரிப்பைத்தான். அதில் ஒன்றும் சிக்காததால்தான் அவருடைய ஜெபத்தைத் தேடிப் போனார்கள். நம் விஷயத்தில் அவர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்குமா?

சாட்சி முதலில் எங்கே கெடுகிறது?

பணத்தில். ஒழுக்கக் கேடு, குடி என்றுதான் பிரசங்கங்களில் கேட்கிறோம். ஆனால் பக்கத்து வீட்டு இந்து நண்பரிடமோ கடைக்கார பாயிடமோ கேட்டுப் பாருங்கள். "கிறிஸ்தவங்கன்னு நம்பிக் கொடுத்தேன்" என்றுதான் கதை தொடங்கும். கைமாற்று வாங்கிவிட்டு அழைப்பை எடுக்காதது, சபை மக்களை நம்பி ஆரம்பித்த சீட்டு பாதியில் உடைந்தது, வீட்டைக் காலி செய்த பிறகும் முன்பணத்தைத் திருப்பித் தராமல் இழுத்தடிப்பது. ஒருவரிடத்திலொருவர் அன்புகூருகிற கடனேயல்லாமல் மற்றொன்றிலும் கடன்படாதிருங்கள் என்று ரோமர் 13:8 சொல்கிறது. தவிர்க்க முடியாமல் கடன்பட்டால், சொன்ன தேதிக்கு முன்தினமே போய் "இன்னும் பத்து நாள் ஆகும்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். அதுவும் சாட்சிதான். கூச்சமாக இருக்கும், போங்கள்.

அதைவிட முக்கியமானது, நமக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கொடுக்க வேண்டியது. கூலிக்காரனுடைய கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது என்பது லேவியராகமம் 19:13. வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு ஐந்தாம் தேதி, பத்தாம் தேதி என்று தள்ளுகிற வீட்டில் காலை மாலை குடும்ப ஜெபம் நடந்தால், அந்த ஜெபத்தைப் பாத்திரம் கழுவிக்கொண்டே அவர் கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்குத் தனி டம்ளர் வைத்திருந்தால் அதையும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். ஒரு குடும்பத்தின் சாட்சி எப்படி என்று போதகரிடம் விசாரிப்பதைவிட அந்த அக்காவிடம் விசாரிப்பது மேல்.

தஞ்சாவூர் ஷ்வார்ட்ஸ் ஐயர் இதற்கு நல்ல உதாரணம். 1750-இல் ஜெர்மனியிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி. பிறகு திருச்சியிலும் தஞ்சாவூரிலும் ஊழியம் செய்து, 1798-இல் தஞ்சாவூரிலேயே இறந்தார். ஹைதர் அலியுடன் நடந்த போரின்போது தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம். வெளியே நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது. ஏற்றிவர மாடு தருவார் இல்லை. முன்பு வாங்கியதற்குக் கூலி வராத குடியானவர்கள் அரசர் சொல்லியும் நம்பவில்லை, ஆங்கிலேயர் சொல்லியும் நம்பவில்லை. கடைசியில் ஷ்வார்ட்ஸ், "பணத்துக்கு நான் பொறுப்பு" என்று எழுதி அனுப்பினார். மாடுகள் வந்தன, நெல் கோட்டைக்குள் போனது, அவரும் சொன்னபடி பணத்தைக் கொடுத்தார். அதற்குமுன் 1779-இல், தன்னிடம் தூது அனுப்புவதானால் அந்தக் கிறிஸ்தவரை அனுப்புங்கள், அவர் ஏமாற்ற மாட்டார் என்று ஹைதர் சொன்னதாகச் சொல்வார்கள். பாக்கி வைக்காத மனிதர் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது, அதனால் அவர் சொல் செல்லுபடியானது.

லஞ்சம் வாங்கக் கூடாது, சரி. கொடுக்காமல் ஒரு பட்டா மாற்றம்கூட நடக்காதே?

வாங்குவதில் பேச்சுக்கே இடமில்லை. கொடுப்பதில் எல்லாருக்கும் ஒரே பதில் சொல்ல நான் தயாராக இல்லை. தன் உரிமையைப் பெற முடியாமல் மிரட்டப்பட்டுக் கொடுக்கும் ஏழையும், வரிசையைத் தாண்டிப் போகக் கொடுக்கும் பணக்காரரும் ஒன்றல்ல. ஆனால் 2018-இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டப்படி கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தின்பேரில் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால் தப்பலாம். லஞ்ச ஒழிப்புத் துறை இருக்கிறது. விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். இதையெல்லாம் செய்தால் மெதுவாகத்தான் நடக்கும். சபையில் ஓய்வுபெற்ற வருவாய்த்துறைக்காரர் யாராவது கட்டாயம் இருப்பார். மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவர் உட்கார்ந்து ஊர் மக்களுக்கு, எந்த மதமானாலும், மனு எழுதிக் கொடுக்கலாமே. ஒரு கன்வென்ஷன் கூட்டத்துக்கு ஆகும் செலவில் துளிகூட ஆகாது.

ஆயுத பூஜைக்கு அலுவலகத்தில் எல்லாரும் நிற்கிறார்கள். பக்கத்து வீட்டிலிருந்து பிரசாதம் வருகிறது. என்ன செய்வது?

இந்தப் பக்கத்திலேயே அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பவுலுக்கும் இதே கேள்வி வந்தது. கொரிந்து பட்டணத்துச் சந்தையில் விற்ற இறைச்சியில் படைக்கப்பட்டது எது, படைக்கப்படாதது எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. விருந்துக்கு அழைத்தால் போங்கள், வைத்ததை விசாரியாமல் சாப்பிடுங்கள், ஒருவர் "இது படைக்கப்பட்டது" என்று சொல்லிவிட்டால் அவர் நிமித்தம் சாப்பிடாதிருங்கள் என்பது அவர் பதில் (1 கொரிந்தியர் 10:27, 28).

நம் ஊரில் பிரசாதம் பிரசாதம் என்று சொல்லித்தான் வரும். ஆகவே நம் சபைகளில் பெரும்பாலோர் சாப்பிடுவதில்லை. நானும் சாப்பிடுவதில்லை. வாங்கிச் சாப்பிட்டால் விசுவாசம் போய்விடாது என்று சொல்லும் கிறிஸ்தவர்களும் உண்டு. அவர்களோடு சண்டைக்குப் போக வேண்டாம். எப்படி மறுக்கிறோம் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கதவைப் பாதி திறந்து "நாங்க இதெல்லாம் சாப்பிட மாட்டோம்" என்று முகத்தைச் சுளிப்பது ஒன்று. அதைவிட மோசம், வாங்கிக்கொண்டு அவர்கள் கண்ணில் படும்படி குப்பையில் போடுவது. "அக்கா, சாமிக்குப் படைச்சதை நாங்க சாப்பிடறதில்ல, தப்பா நினைக்காதீங்க, படைக்கிறதுக்கு முன்னாடி எடுத்து வச்ச சுண்டல் இருந்தா குடுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் அடுத்த வருஷம் தனியாக எடுத்து வைத்துவிடுவார்கள்.

ஆயுத பூஜையில் நிற்பது பற்றி: எலிசா தீர்க்கதரிசி சொன்னபடி செய்து குஷ்டம் நீங்கிச் சொஸ்தமான நாகமான், ஊருக்குப் புறப்படும்போது அவரிடம் ஒரு சங்கடத்தைச் சொன்னான். என் ராஜா ரிம்மோன் கோவிலில் என் கைமேல் சாய்ந்து பணியும்போது நானும் குனிய வேண்டியிருக்கும், அதைக் கர்த்தர் மன்னிப்பாராக என்றான். எலிசா நீண்ட உபதேசம் எதுவும் செய்யவில்லை. "சமாதானத்தோடே போ" என்றார். இதை வைத்து எல்லாவற்றுக்கும் அனுமதி என்று சொல்ல மாட்டேன். ஆனால் முந்தின நாள் இயந்திரங்களைத் துடைத்துச் சுத்தம் செய்யும் வேலையில் எல்லாரையும்விட அதிகமாகக் கை கொடுத்துவிட்டு, பூஜை நேரத்தில் ஓரமாக மரியாதையாக நிற்பவரைப் பற்றி யாரும் குறை சொல்வதில்லை. அன்றைக்கு விடுப்பு எடுத்து ஓடிப்போகிறவரைத்தான் சொல்வார்கள்.

வீட்டில் நான் மட்டும் விசுவாசி. அப்பா இறந்தால் கொள்ளி வைக்க வேண்டியவனும் நான்தான்.

சுடுகாட்டில் வைத்துத் தீர்மானிக்காதீர்கள். அப்பா நன்றாக இருக்கும்போதே அவரிடமும் சித்தப்பா, பெரியப்பாவிடமும் உட்கார்ந்து பேசுங்கள். "நீ வைக்காவிட்டால் தம்பி வைக்கட்டும்" என்று அப்பாவே சொல்லிவிட்டால், அன்றைக்கு எழும் பாதிச் சண்டை எழாது. எந்தச் சடங்கு வழிபாடு, எந்தச் சடங்கு மரியாதை என்பதில் போதகர்களிடையே ஒத்த கருத்து இல்லை. கொள்ளியைப் பற்றியும் இல்லை. ஒத்த கருத்துள்ளவை இவை: பாடையைத் தூக்குவது நீங்கள். செலவு உங்களுடையது. பதினாறாம் நாள்வரை அம்மா பக்கத்தில் இருப்பதும் நீங்கள். அதற்கு முன்னால் மருத்துவமனையில் இரவு படுத்திருந்ததும் நீங்களாக இருந்திருந்தால், மறுத்த ஒரு சடங்கை உறவினர்கள் பெரும்பாலும் மன்னிப்பார்கள். ஞாயிறு காலை ஆராதனை, மாலை ஜெபக்கூட்டம், புதன் உபவாசம் என்று அப்பாவைப் பார்க்கவே வராமல் இருந்துவிட்டு, கடைசியில் வந்து கொள்கை பேசினால் மன்னிக்க மாட்டார்கள். அது நியாயமும்கூட.

கணவர் அடிக்கிறார். பொறுத்துக்கொள்வதுதான் சாட்சி என்று சபையில் சொல்கிறார்கள்.

தவறாகச் சொல்கிறார்கள். பேதுரு பேசியது நடக்கையைப் பற்றி. அடி வாங்குவதை அவர் ஊழியமாக்கவில்லை. முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது, குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005 இருக்கிறது. ஜெபம் அங்கிருந்தும் செய்யலாம்.

சபைக்குள்ளேயே சாதி இருக்கிறது. வெளியே யாரிடம் என்ன சாட்சி சொல்வது?

ஞாயிறு செய்தித்தாளில் மணமக்கள் தேவை விளம்பரங்களைப் பாருங்கள். "மறுபடியும் பிறந்த, அபிஷேகம் பெற்ற" என்று தொடங்கி, அடுத்த சொல்லாகச் சாதிப் பெயர் வரும். பிறகு எத்தனை பவுன் என்று பேச்சு. 1833-இலேயே கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேற்றுமையை உடனே, முடிவாகக் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சாதியை விடாமல் சபையை விட்டார்கள். இரு நூற்றாண்டு ஆகப்போகிறது. கல்லறைத் தோட்டத்துக்குள் சுவர் இருக்கும் ஊர்கள் இன்றும் உண்டு. இதை வெளியார் அறியாமல் இல்லை. நாம்தான் அவர்களுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொள்கிறோம்.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வே. ச. அசரியா, 1912-இல் தெலுங்கு நாட்டு தோர்ணக்கல்லில் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர் ஆனார். அங்கே சபைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா மக்கள், ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்கள். ஞானஸ்நானம் பெற்றவர்கள் தங்கள் தலையில் கைவைத்து, "நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன், சுவிசேஷத்தைப் பிரசங்கியாவிட்டால் எனக்கு ஐயோ" என்று சொல்லும்படி அவர் செய்தார். 1920-களிலும் 30-களிலும் அந்த ஊர்களில் மேல்சாதியார் சிலரும் சபைக்கு வரத் தொடங்கினார்கள். சேரியில் நடந்த மாற்றத்தைக் கண்ணால் பார்த்ததே முக்கியக் காரணம் என்று அசரியா எழுதினார். அங்கே சாட்சி கீழிருந்து மேலே போயிற்று. பெரிய வீட்டார் சின்ன வீட்டாருக்குச் செய்யும் தயவுதான் ஊழியம் என்ற எண்ணத்துடன் வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் உறுத்தும்.

நடைமுறையில் என்ன செய்யலாம் என்றால், உங்கள் பிள்ளைக்கு வரன் பார்க்கும்போது சாதியும் பவுனும் கேட்காதீர்கள். இதைவிட எளிதான பதில் என்னிடம் இல்லை.

சான்றிதழில் இந்து, சபையில் கிறிஸ்தவர். இது பொய்ச்சாட்சி ஆகாதா?

1950-இன் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி அந்தஸ்து முதலில் இந்துக்களுக்கு மட்டும் என்று இருந்தது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் விரிந்தது. கிறிஸ்தவருக்கு இல்லை. அந்தச் சாதிகளிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போவார்கள். ஊர் அவர்களை நடத்தும் விதம் மட்டும் ஞானஸ்நானத்தால் மாறுவதில்லை. பொய்யான உறுதிமொழியில் கையெழுத்துப் போடுங்கள் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் இதில் எதையும் இழக்காத சாதிக் கிறிஸ்தவர்கள் முதல் கல்லை எறிவதைக் கேட்கச் சகிக்கவில்லை. ஞானஸ்நானத்துக்கு முன்பே இந்த இழப்பைச் சபை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நம் பள்ளி, கல்லூரிகளில் அந்தப் பிள்ளைகளுக்கு இடமும் கட்டணச் சலுகையும் தர வேண்டும். அதைச் செய்யாத சபைக்கு இந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை குறைவு.

உதவி செய்யும்போது கூடவே சுவிசேஷமும் சொல்லலாமா?

வேண்டாம் என்பது என் கருத்து. வெள்ள நிவாரண அரிசிப் பையில் கைப்பிரதி, மருத்துவமனைப் படுக்கையருகே கட்டாய ஜெபம் எல்லாம் எழுந்து போக முடியாதவரிடம் பேசுவதுதான். "அரிசி மூட்டைக்கு மதம் மாறினவங்க" என்ற ஏளனத்தை நாமே ஊட்டி வளர்க்கிறோம். பிதா நீதியுள்ளவர்மேலும் அநீதியுள்ளவர்மேலும் மழை பெய்யப்பண்ணுகிறார் என்று மத்தேயு 5:45 சொல்கிறது. மழையோடு துண்டுப்பிரசுரம் எதுவும் விழுவதில்லை.

மாயூரம் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் தன் கைப்பணத்தைப் போட்டுக் கஞ்சித் தொட்டி வைத்தார். திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் அவருடைய நெருங்கிய நண்பர்கள். சிவபக்தரான கோபாலகிருஷ்ண பாரதியார் அவருடைய கொடையைப் பாடினார். அந்தக் கஞ்சியைக் குடித்தவர்கள் எந்தக் கூட்டத்துக்கும் வர வேண்டியிருக்கவில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். அரசியல் சாசனம் 25-ஆம் பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1977-இல் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 2002-இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004-இல் திரும்பப் பெறப்பட்டது. வேறு சில மாநிலங்களில் கடுமையான சட்டங்கள் உள்ளன. அங்கே வேலைக்குப் போகிறவர்கள் தெரிந்துகொண்டு போங்கள்.

ஒலிபெருக்கி?

இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு விதி. மற்ற நேரத்திலும் பரீட்சை காலத்தில் தெருப் பக்கம் திருப்பிய குழாய்களை இறக்கிவிடுங்கள். கோவில் திருவிழாவில் வைக்கிறார்களே என்பது பதில் ஆகாது.

எல்லார் முன்னாலும் கோபத்தில் கத்திவிட்டேன். சாட்சி கெட்டுப்போச்சா?

யார் முன்னால் கத்தினீர்களோ அவர்கள் முன்னாலேயே மன்னிப்புக் கேளுங்கள். தனியாக அழைத்து, ரகசியமாகக் கேட்பது செல்லாது. "ஆனா நீயும்..." என்று சேர்க்காதீர்கள். வசனமும் சேர்க்காதீர்கள். பண நஷ்டம் இருந்தால் கொடுத்துத் தீருங்கள். வேதத்தில் வரும் வரி வசூல்காரன் சகேயு, நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றான். மேலதிகாரி தன் கீழ் வேலை செய்பவரிடம் மன்னிப்புக் கேட்பதை நம் அலுவலகங்களில் காண்பது அரிது, ஆகவே ஆட்கள் நீண்ட நாள் நினைவில் வைத்திருப்பார்கள்.

இருபது வருஷமாக இப்படித்தான் வாழ்கிறேன். ஒருவர்கூடச் சபைக்கு வரவில்லையே?

ஷ்வார்ட்ஸின் பாதுகாப்பில் வளர்ந்தவர் இரண்டாம் சரபோஜி. அரியணை அவருக்குக் கிடைக்கப் போராடியவரும் ஷ்வார்ட்ஸ். சரபோஜி கடைசிவரை இந்துவாகவே இருந்தார். ஆனால் ஷ்வார்ட்ஸ் இறந்தபிறகு இங்கிலாந்துச் சிற்பி ஃபிளாக்ஸ்மனைக் கொண்டு பளிங்கு நினைவுச் சின்னம் செய்வித்து, தஞ்சைக் கோட்டைக்குள் இருக்கும் ஆலயத்தில் வைத்தார். மரணப்படுக்கையின் அருகே அரசரே நிற்பதாகச் செதுக்கியது, போனால் இன்றும் பார்க்கலாம். ஷ்வார்ட்ஸ் தோற்றார் என்று யாரும் சொல்வதில்லை. ஆள் கணக்கு எடுப்பது நம் வேலை என்று வேதத்தில் எங்கும் இல்லை; தாவீது ராஜா ஜனத்தொகை எடுத்தபோது தேசத்தில் கொள்ளைநோய்தான் வந்தது.

கிறிஸ்மஸ் பலகாரத் தட்டோடு ஒரு கைப்பிரதி வைக்கலாமா?

வைக்காதீர்கள். தட்டு தட்டாகவே போகட்டும். சைவ வீடாக இருந்தால் கேக்கில் முட்டை இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிட்டு, முறுக்கும் அதிரசமும் தனித் தட்டில் கொடுங்கள். போன தீபாவளிக்கு அவர்கள் கொடுத்த பாத்திரம் இன்னும் உங்கள் சமையலறையில் இருந்தால் அதையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.